எழுத்துக்கு விட்ட இடம்

ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில் கோடு விலகிவிட்டது, வடிவு சிரித்ததால், சிரித்தால் கை குலுங்கும் என்று ஆரம்பிக்கும்போதே சொல்லியிருந்தேன், பரவாயில்லை, விலகின கோட்டை அழிக்கக் கூடாது, அழித்தால் தேய்த்த தடம் அப்படியே சிவந்து வெள்ளிக்கிழமை மண்டபத்தில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு போட்டு நடுவில் ஒரு நரம்பு இழுத்தால் இலையாகிவிடும். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். மருதாணிக் கோன் பிடிக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கல்லூரி விடுதியில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசும்போது பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு யாராவது ஒருத்தி கையை நீட்டிவிட்டால் நிம்மதியாக இருக்கும், கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் கையை நீட்டியவள் வடிவுதான். சண்முகவடிவு. ஏழு வருஷமாக இந்தக் கையை எனக்குத் தெரியும், சுண்டுவிரல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு, இடது கையைவிட வலது கையில் வேர்வை அதிகம், அதனால் வலது கைக்கு நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு கூடத் தடவ வேண்டும். இடது கை முடிந்து தலையணைமேல் காய்ந்துகொண்டிருக்கிறது. வலது கை என் மடியில் இருக்கிறது. மணி நாலரை இருக்கும். கீழே பந்தல்காரர்கள் கழி கட்டுகிறார்கள், ஒவ்வொரு தடவை சுத்தியல் விழும்போதும் மாடி அறையின் ஜன்னல் கம்பி ஒரு தரம் முனகுகிறது. உள்ளங்கை நடுவில் ஒரு தாமரை மொட்டு வரைந்து அதன் வயிற்றில் அரிசியளவு இடம் விட்டுவைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் முதல் எழுத்தை அங்கே ஒளித்துவைக்க வேண்டும், மறுவீட்டில் எல்லோரும் சுற்றி நிற்க அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்காவிட்டால் பெண் வீட்டார் கேலி செய்வார்கள். அதைக் கடைசியில்தான் எழுதுவேன். கடைசியில் எழுதினால்தான் கை நடுங்காது.

அவள் சிரித்தது கதிரேசனைப் பற்றிச் சொல்லும்போது. கதிரேசன்தான் மாப்பிள்ளை, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறார். நேற்றுப் போனில் அவரிடம் சொன்னாளாம், நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வாசல்ல பெரியவங்க செருப்பையெல்லாம் திருப்பித் திருப்பி வச்சீங்க பாருங்க, போகும்போது அவங்க குனிஞ்சு தேடாம கால நுழைக்கிற மாதிரி, அதுலயே நான் விழுந்துட்டேன்னு. மனுஷன் உருகிப்போனாராம். உன்னை மாதிரி கவனிக்கிற பொண்ணை நான் பார்த்ததே இல்லை என்றாராம். இதைச் சொல்லித்தான் சிரித்தாள், இங்கேதான் என் கோடு விலகியது. எங்கே போனாலும் செய்கிற பழக்கமாக இருக்கும், அவருக்குச் சந்தேகம் வரவில்லை, ஆனால் வடிவு சொன்ன அந்தச் செருப்பைத் திருப்பி வைத்தது இந்த வீட்டு வாசலில் அல்ல. எங்கள் வீட்டு வாசலில். போன வைகாசியில் அவர்கள் முதலில் பார்க்க வந்தது என்னை. நான் உள்ளே காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கில் நின்றிருந்தேன், எல்லோரும் உள்ளே வந்த பிறகு அவர் மட்டும் வாசலில் குனிந்து ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பினார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் எங்கள் அப்பாவின் அறுந்த வார்ச் செருப்பையும் திருப்பினார். அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். பத்து நாள் கழித்துத் தரகர் பொன்னையா வந்து பொருத்தம் சரியில்லையாம் என்றார். ஆவணியில் அதே கதிரேசன் வடிவைப் பார்த்தார், பேசி முடித்தார்கள், வடிவு என் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏட்டி, உனக்கு வருத்தம்னா வேண்டாம்னு சொல்லிருதேன் என்றாள், நான் சந்தோஷம் என்றேன். முழுப்பொய் இல்லை. எட்டாத பண்டம் தெரிந்த கையில் இருக்கிறதே என்கிற அளவுக்குச் சந்தோஷம்தான். ஒரு செருப்பைப் பற்றிய ஞாபகத்தை எடுத்துக்கொண்டால்தான் என்ன, அவளுக்குச் சொல்வதற்கு வேறொன்றும் கிடைத்திருக்காது, அவள் எதையும் கவனிக்கமாட்டாள், கவனிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. இலை நன்றாக வந்திருக்கிறது. இந்த இலைக்கு ஜோடியாக அடுத்த விரலிலும் ஒன்று போட்டால் வேண்டுமென்றே வரைந்தது போல இருக்கும்.

அத்தை படியேறி வருகிற சத்தம். வடிவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை, எனக்கு அம்மா இல்லாமல் பதினோரு வருஷம். தீபாவளிக்குத் தீபாவளி இந்த வீட்டில்தான் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், உச்சியில் மூன்று தட்டுத் தட்டி இன்னும் சூடு இறங்கலை என்பாள். இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள், வடிவின் இரண்டு கையும் மாட்டிக்கொண்டதால் அவளுக்கு வாயில் வைத்துப் புகட்டினாள், சட்டையில் சிந்தாமல் தாடைக்குக் கீழே கையேந்திக்கொண்டு. பிறகு என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எவ்வளவு அழகா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, கதவு பக்கம் ஒரு பார்வை பார்த்து, கேட்டாள்.

"ஏ பிள்ள, அந்தப் பையன் வீட்ல பேசுனாங்களா?"

எந்தப் பையன் அத்தை என்றேன். கோனை நிறுத்தவில்லை, ஒரு சுருளைப் பாதியில் விட்டால் முனை அடைத்துக்கொள்ளும்.

"எங்கிட்ட என்னத்த மறைக்க. அந்த நீல ஹெல்மெட்டுப் பையன். வடிவு எல்லாஞ் சொல்லிட்டா, ஒரு வருசமாத் தெரியும் எனக்கு. உங்கம்மா இருந்தா அவ கேட்டிருப்பா, நான் கேக்கேன்."

என் மடியில் இருந்த கை மாறியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரல்கள் அதேபோல விரிந்துதான் இருந்தன, ஆனால் உள்ளங்கையின் அடியில், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, நாடி ஒரு குருவி போல எகிறியது. தைலத்தையும் மீறி வேர்த்தது. நான் போட்டிருந்த ஒரு கோடு என் கண்ணெதிரே ஈரத்தில் விரிந்து தடித்தது. நான் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தை பேசிக்கொண்டேயிருந்தாள், ஆறுதலாக, எண்ணெய் தேய்க்கிற குரலில். கதிரேசன் வீட்டார் வைகாசியில் விசாரித்தார்களாம், பெண் எப்படி, உங்க மகளோட கூட்டாளியாமே என்று. மனசில் ஒருத்தனை வைத்திருக்கிற பிள்ளையைப் பிடித்து இன்னொருத்தன் கையில் கொடுத்தால் அது இரண்டு பேருக்கும் பாவம், அதனால் உள்ளதைச் சொன்னாளாம். எப்படி இருந்தாலும் அது நல்ல இடம், நம் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பிறகுதான் தோன்றியதாம், முதலில் தோன்றவில்லை, சாமி சத்தியமாகத் தோன்றவில்லை. சத்தியம் செய்ய யாரும் கேட்கவில்லை. பிறகு என் முழங்காலைத் தட்டிக் கேட்டாள், உங்கப்பாட்ட தரகர் பக்குவமாத்தான் சொன்னாராம், வீட்ல சத்தம் ஏதும் போட்டாங்களா பிள்ள?

"இல்ல அத்தை. சத்தம் போடலை."

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான். அத்தை கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில், அப்பா சத்தம் போடவில்லை, எந்த நாளும் போட்டதில்லை. ஆனால் அந்தப் பதிலோடு அந்தப் பையனும் நீல ஹெல்மெட்டும் தரகரும் எல்லாம் என்னுடையதாகிவிட்டன, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன், கோடு விலகிய மறுநொடி பழக்கத்தில் பக்கத்தில் ஒரு வளைவு போட்டுவிட்டேன். அத்தை என் தலையைத் தடவினாள். தைரியமா இரு, வடிவு கல்யாணம் முடியட்டும், நான் வந்து உங்கப்பாட்ட பேசுதேன் என்று சொல்லிக் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒவ்வொரு படியாக. பதினான்கு படி. நான் எண்ணினேன்.

ஹெல்மெட். அது ஜெகனுடையது. ஜெகனை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன், அவன் வடிவின் ஜெகன், அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போவான். சனிக்கிழமை தோறும் நாங்கள் இரண்டு பேரும் நூலகத்துக்குப் போவோம், அரசுத் தேர்வுக்குப் படிக்க, ஒன்பதரைக்கு உள்ளே போனால் ஒன்பதே முக்காலுக்கு வடிவு வெளியே போய்விடுவாள், ஒரு மணிக்குத் திரும்புவாள், காற்றில் கலைந்த தலையோடு, உதட்டில் ஏதோ ஒரு புளிப்புத் தின்பண்டத்தின் நிறத்தோடு. இடையில் அத்தை என் போனில் கூப்பிட்டால் இங்கதான் அத்தை, பாத்ரூம் போயிருக்கா என்பேன். ஒரு வருஷத்தில் அவளை எத்தனை தடவை பாத்ரூமுக்கு அனுப்பியிருப்பேன், அத்தைக்கு மகள் உடம்பைப் பற்றியே கவலை வந்து ஒருநாள் பார்லித் தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டாள். குறிப்புகளைக்கூட இரண்டு நோட்டில் எழுதுவேன், ஒன்று என் கையெழுத்தில், ஒன்று அவளுடையதைப் போல வலப்பக்கம் சாய்த்து, வீட்டில் காட்ட. யாரும் என்னை மிரட்டவில்லை. பொய்யென்று தெரிந்து, விரும்பித்தான் செய்தேன். ஒரு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்து காதோரம் சொல்வதற்காகச் செய்தேன், எந்தச் சாலை, எந்த மரம், என்ன பேசினான், எனக்கு நடக்காததெல்லாம் எனக்கு நடப்பதற்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது. முந்தின வருஷக் கார்த்திகை மழையில் ஒருநாள் அவன் ஹெல்மெட் அவளோடு வந்துவிட்டது. மறுநாள் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வச்சிருட்டி என்றாள். எங்கிருந்து வந்தது, ஏன் முகம் வெளுத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது, அதற்கு முந்தின நாளே அத்தை அதை இங்கே மாடிப்படி அடியில் பார்த்துவிட்டாள். அது சக்தியோட ஆளோடதும்மா. இப்படித்தான் என் பேரைச் சொல்லியிருப்பாள். சொன்னது உண்மை என்று காட்டத்தான் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்திருக்கிறாள். அப்பா பார்த்தார். யாருடையது என்றார். கூடப் படிச்ச பிள்ளையோடது என்றேன். மாலையில் நான் வந்தபோது அதைத் துணியால் துடைத்து, கண்ணாடியில் இருந்த சேற்றை நகத்தால் சுரண்டி, ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

அப்பா. ஆனி மாதத்திலிருந்து அப்பா தினமும் ஐந்தே முக்காலுக்கு டிவிஎஸ் ஃபிப்டியோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் வந்ததில்லை, நான் நடந்துதான் வருவேன், பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனியில் முதல் நாள் வந்து நின்றபோது நாய்த் தொல்லை ஜாஸ்தியாயிருச்சு பாப்பா என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. கூட வேலை பார்க்கிற டீச்சர்களிடம் எங்கப்பா வருவாங்க என்று சொல்லிக்கொள்வேன், கேட்காதவர்களிடமும். மழையென்றாலும் வருவார், காய்ச்சல் என்றாலும் மப்ளரோடு வருவார், பேருந்தின் எல்லா ஜன்னலையும் ஒரு தரம் பார்ப்பார், நான் இறங்கிய பிறகு எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். நான் இத்தனை கவனிப்பவள், கதவிடுக்கில் நின்று செருப்பைக் கவனித்தவள், ஏழு மாதமாக இதைக் கவனித்திருக்கிறேன், கவனித்து, அதற்குப் பக்கத்தில் ஒரு வளைவு போட்டு, அன்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒருநாள் வண்டியை ஓட்டிக்கொண்டே, முகம் தெரியாதபடி, பஸ்ஸுல தெரிஞ்சவங்க யாரும் வந்தாங்களா பாப்பா என்று கேட்டார். இல்லப்பா என்றேன். சரி என்றார். அந்தச் சரிக்குள் எவ்வளவு இருந்திருக்கும். தரகர் சொன்னதும் அவருக்கு ஆணியில் தொங்கிய ஹெல்மெட் ஞாபகம் வந்திருக்கும். தான் துடைத்தது. தன் கையாலேயே துடைத்து மாட்டியது. நம்பமாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு வழிகூட இல்லாமல் போயிருக்கும்.

"ஏட்டி சக்தி, கோவமா?"

வடிவு கிசுகிசுத்தாள். நான் மோதிர விரலுக்கு வந்திருந்தேன், குறுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தேன், வலைக்கு இடைவெளி சமமாக இருக்க வேண்டும். அன்னிக்கு அம்மா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், என்ன சொல்வது, வாயில் உன் பேருதான் வந்தது என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள், நீ அப்படிப்பட்ட பிள்ளையே இல்லை என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தாளாம். ஆனால் நம்பிவிட்டாள். அமைதியா இருக்கிறதுகதான் அழுத்தம் என்றாளாம். இதைச் சொல்லும்போது வடிவுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது, பிறகு அடக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை, சத்தியமாகத் தெரியாது. தாயும் மகளும் சத்தியத்துக்கு அஞ்சுவதேயில்லை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், தெரிஞ்சது எப்போ. அவள் ஜன்னலைப் பார்த்தாள். சுத்தியல் இரண்டு தடவை விழுந்தது. ஆனியிலே என்றாள். ஆவணியில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆவணியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உனக்கு வருத்தம்னா வேண்டாம்னு சொல்லிருதேன் என்றாள்.

"நீதானட்டி அவரு நல்லவருன்ன. நீ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னுதான் நானும் சரின்னேன்."

ஆமாம். நான்தான் சொன்னேன். நான் நூலகத்தில் இரண்டு நோட்டில் எழுதினேன், ஒன்று அவளுக்கு. அதைப் போலத்தான் இதுவும், நான் பார்த்தேன், அவளுக்கும் சேர்த்துப் பார்த்தேன், அவள் எடுத்துக்கொண்டாள், அவளுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான் இல்லாமல் போனாலும் எடுத்திருப்பாள் என்று சொல்ல முடியாது. நான் இருந்ததால்தான் எடுத்தாள். எழுந்து போய்விடலாம். கோனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கை முடிந்தும் ஒரு கை முடியாமலும் விட்டுவிட்டுப் போய்விடலாம், கீழே பந்தல்காரர்கள், அத்தை, மாமா, வெங்காயம் உரிக்கிற சித்திகள், எல்லோரும் ஏன் போகிறாய் என்று கேட்பார்கள், நான் என்ன சொல்வேன், எனக்குத் தெரியும் நான் என்ன சொல்வேன், தலை வலிக்கிறது என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், பாவம், கதிரேசன் தனக்குக் கிடைக்காத வருத்தம் என்பார்கள். போகாவிட்டால் அழுத்தம், போனால் பொறாமை. கோன் முனை அடைத்துக்கொண்டது. சட்டையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து முனையைக் குத்தினேன். கரும்பச்சையாக ஒரு சொட்டு வந்து என் பெருவிரலில் விழுந்தது. அதுவும் சிவக்கும்.

அப்போதுதான் மெத்தையில் கிடந்த வடிவின் போன் அடித்தது. பார்த்தேன். என் முகம். கல்லூரி வேப்பமரத்தடியில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற என் முகம், கீழே சக்தி என்று என் பேர். ஒரு கணம், சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஒரு கணம் நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தேன், எதற்குக் கூப்பிடுகிறேன், என்ன சொல்லக் கூப்பிடுகிறேன் என்று யோசித்தேன். என் போன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற துணிப்பையில் இருக்கிறது. எடுக்காத என்றாள் வடிவு. அவள் இரண்டு கையும் ஈரம், அவளால் எடுக்க முடியாது, அணைக்கவும் முடியாது, கழுத்தை மட்டும் என் பக்கம் நீட்டினாள், கட் பண்ணுட்டி என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தை அவள் எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீ கூப்பிட்டா உன் மூஞ்சி வரணும்ட்டி, கொஞ்சம் சிரி என்றாள், அதுவரை யாரும் என் படத்தைக் கேட்டு எடுத்ததில்லை, ராத்திரி வரை எனக்கு அந்தச் சிரிப்பு கன்னத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. போனில் பேசக் கூச்சப்பட்டு நான் அவளை அதிகம் கூப்பிட்டதே இல்லை. இத்தனை நாளும் என் முகம் இந்த வீட்டில், சாப்பாட்டு மேசையில், சாமி அறை வாசலில், மாமா கண்ணெதிரில், வந்து வந்து சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அடித்து ஓய்ந்தது. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னியே என்றேனா, நினைத்தேனா, அவள் பதில் சொன்னாள். முடிஞ்சதுதான், ஆனா ஜெகன் அழறான்ட்டி, எப்படிப் பேசாம இருக்க. பிறகு கடகடவென்று, அத்தை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்கிற வேகத்தில், ஒரே ஒரு ஒத்தாசை என்றாள். அம்மா கேட்டா பையில கை பட்டு கால் போயிருக்கும்னு சொல்லிரு. அங்க போனப்புறமும் அவன் நம்பருக்கு உன் பேரு அப்படியே இருக்கட்டும். உன் பேரு வந்தா அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு.

கதிரேசன் வீட்டில். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசையில் நான் சிரிப்பேன். உன் ஃபிரண்டு கூப்பிடுறா பாரு என்று எடுத்துக் கொடுப்பார், திருப்பி, அவள் கைக்கு வாகாகத் திரும்பும்படி, செருப்பைத் திருப்பியது போல. வைகாசியில் பார்க்க வந்த பெண் என்று ஞாபகம் வரும், வேறொருத்தனோடு சுற்றுகிறவள் என்று ஞாபகம் வரும், அதற்குமேல் நினைக்கமாட்டார், நல்லவர். எங்கள் தெருவில் அப்பா நிறுத்தத்தில் நிற்பார். எனக்கு வயது ஏறும், அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பார். என் பேர் மட்டும் யாரோ ஒருத்தன் அழுவதற்காக ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சுண்டுவிரலில் கடைசிச் சுருளை முடித்து, மணிக்கட்டில் தழும்பின்மேல் ஒரு மாங்காய் வரைந்து, தழும்பு தெரியாமல் அதை உள்ளே நிரப்பினேன். கை நன்றாக வந்திருந்தது. நான் இதுவரை வரைந்ததிலேயே நன்றாக. இனி அந்த அரிசியளவு இடம் மட்டும்தான்.

அத்தை ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்தாள், இனி இவள் கையால் சாப்பிட ஏழு மணி ஆகும் என்று. ஒரு உருண்டை வடிவுக்கு. அடுத்த உருண்டையை என் வாய்க்கு நேரே நீட்டினாள், உனக்கும் கை வேலையா இருக்கு, வாயத் திற பிள்ள. திறந்தேன். திறந்துவிட்டது. மாங்காய்த் துண்டு ஒன்று இருந்தது, கடித்தேன், உப்பு, விழுங்கினேன், இந்தக் கை எனக்கு எண்ணெய் தேய்த்த கை, இந்தக் கைக்கு நான் சொன்ன பொய்களும் கொஞ்சநஞ்சம் இல்லை. மணி ஆறாகப் போகிறது, அப்பா வந்துவிடுவார், இன்று பள்ளிக்கூடம் லீவு, அதனால் இங்கேயே வருகிறேன் என்றார், வாசலில் நின்று ஆரன் அடிப்பார், மேலே வரமாட்டார். ஆனியிலிருந்து அவர் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

போன் மறுபடியும் அடித்தது.

அத்தை எட்டிப் பார்த்தாள். "இதென்ன, உம் பேரு வருது. நீ இங்கயில்ல இருக்க. உம் போனு எங்க?"

பையில கை பட்டிருக்கும்மா என்றாள் வடிவு. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஒன்பதே முக்காலுக்கு நூலக வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிற பார்வை. சொல்லு என்றது. கோனைக் கீழே வைத்தேன். எழுந்தேன், கால் மரத்துப் போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய் ஆணியில் இருந்த பையைத் திறந்து, குடை, டிபன் பாக்ஸ், கைக்குட்டை, அடியில் என் போன். எடுத்து வந்தேன். மெத்தையில் அடித்துக்கொண்டிருந்த போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் என் முகம் சிரித்துச் சிரித்து அடித்தது. இன்னொன்று கறுப்பாக, சும்மா கிடந்தது, அத்தையின் முகம் மட்டும் அதில் மங்கலாகத் தெரிந்தது.

அத்தை இரண்டையும் பார்த்தாள். வலது கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. இடது கையால் அடிக்கிற போனை எடுத்து, பெருவிரலால் தள்ளி, காதில் வைத்தாள். ஹலோ சொல்லவில்லை. உள்ளே ஒரு ஆண் குரல் வடிவு வடிவு என்றது, அறைக்கே கேட்டது, பிறகு என்னவோ சொல்லிக்கொண்டே போனது. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண் மகளிடம் போகவில்லை. என்னிடம்தான் இருந்தது.

கீழே டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. சின்னதாக இரண்டு ஆரன்.

"அப்பா வந்துட்டாங்க அத்தை," என்றேன். என் குரல் எனக்கே அடுத்த வீட்டிலிருந்து வருவது போல இருந்தது. "கீழ வந்து அவங்கட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்ல உள்ளதைச் சொன்ன மாதிரியே."

அத்தை போனைக் காதிலிருந்து எடுத்தாள். கையிலிருந்த சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள். வடிவின் வலது கை மெல்ல மெல்ல மூடியது, முதலில் சுண்டுவிரல், பிறகு வலை போட்ட மோதிர விரல், பிறகு அந்த இலை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, தாமரை மொட்டின்மேல், எழுத்துக்கு விட்ட இடத்தின்மேல். விரலிடுக்கில் பச்சையாகப் பிதுங்கி வந்தது. மூடாதே, ஈரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். எனக்குப் பின்னால் அத்தை வருகிறாளா என்று ஒவ்வொரு படியிலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு. ஏழாவது படியில் நான் இருந்தபோது மேலே முதல் படி முனகியது.